பழைய துறைமுகம் ஒன்றுக்கு விலை சொல்லல்

ஒலுவில் துறைமுகத்துக்கு இப்போது யார் பொறுப்போ அவருக்கு,

துறைமுக அதிகாரசபை, மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனம் என்று இரண்டு கதவு இருப்பதால், எதைத் தட்டுவதென்று தெரியாமல் நடுவில் நின்று எழுதுகிறேன்.

கல்முனையில் யாராவது பழைய மீன்பிடிப் போட்டு வாங்கப் போனால், "காக்கா, ஒருக்கா வந்து பார்த்துத் தாங்க" என்று என்னைக் கூட்டிப் போவார்கள். முதலில் பெயின்டைப் பார்ப்பேன். நேற்று அடித்தது என்றால் விலை அங்கேயே இறங்கிவிடும். எதையோ மூடத்தான் அடித்திருப்பார்கள். பிறகு ஒரு நாணயத்தால் உடம்பெல்லாம் தட்டிக்கொண்டு போவேன். 'டக்' என்றால் ஃபைபர் கெட்டி. 'தொப்' என்றால் உள்ளே படை பிரிந்துவிட்டது. எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பேன். நான் வரமுன்னே சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த எஞ்சின் லேசில் கிளம்பாது என்று அர்த்தம். ஒயில் பால்போல வெளுத்திருந்தால் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பிவிடுவேன். 2004 சுனாமிக்குப் பிறகு பழகிய கை இது. அப்போது திடீரென முளைத்த பட்டறைகளில் வார்த்த போட்டுகளில் பல கடலுக்கு ஆகாதவை. நன்கொடை தந்தவரின் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும், ஃபைபர் மெல்லிசு.

அதே கையால் உங்கள் துறைமுகத்தையும் தட்டிப் பார்த்தேன். கோபிக்க வேண்டாம்.

டென்மார்க் கடனில், 2008இல் தொடங்கி அடுக்கிய அலைதடுப்புக் கல் 'டக்' என்றுதான் சொல்கிறது. 'தொப்' என்றது துறைமுக வாசல். இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நடக்கும். குறுக்கே கல்லைப் போட்டால் தெற்கில் குவிந்து, சுற்றிவந்து வாசலுக்குள் புகும். வடக்கே மணல் போய்ச் சேராத கடல், ஒலுவில் தொடங்கி நிந்தவூர் வரை தென்னந்தோப்பைத் தின்னும். கரைவலை இழுக்கிற எவரையும் கேட்டிருக்கலாம். ஒரு பிளேன்டீக்கு மேல் செலவாகியிராது.

மர்ஹூம் அஷ்ரப் துறைமுக அமைச்சராக இருந்தபோது கண்ட கனவு இது. 2000இல் அவர் வபாத்தானார். 2013 செப்டெம்பரில் திறந்தீர்கள். பழைய போட்டு விற்கிறவன், "அவ்வளவாக ஓடல்ல காக்கா, புதுசு மாதிரி" என்பான். எனக்கு ஓடாத எஞ்சினில்தான் பயம், சும்மா கிடந்தே துருப்பிடித்திருக்கும். உங்களுடையதும் அவ்வளவாக ஓடவில்லை. வாசல் மூடிக் கிடந்த வருஷங்களில் எங்கள் ஆழ்கடல் போட்டுகள் கரைக்கு வெளியே நங்கூரத்தில் ஆடின, இல்லாவிட்டால் வாழைச்சேனைக்குப் போயின.

விலைக்கு வருவோம். நாலரைக் கோடி யூரோவுக்கு மேல் போட்டது என்கிறீர்கள். விற்கிறவன் கொடுத்த காசு வாங்குகிறவனுக்குக் கணக்கில்லை. வைத்திருக்க என்ன செலவு என்றுதான் கேட்பான். தோண்டினால் திறக்கும், விட்டால் மூடும் வாசலுக்கு நான் விலை சொல்லமாட்டேன். கல்லுக்கு மட்டும் சொல்லலாம்.

ஒன்றே ஒன்று. தோண்டும் கப்பலை அடுத்த தடவை அனுப்பும்போது, அள்ளும் மணலை லொறியில் ஏற்றாமல் வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கொட்டச் சொல்லுங்கள். அது அந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்த மணல்.

இப்படிக்கு,
போட்டுப் பார்க்கிற ஒருவன்,
கல்முனைக்குடி