பூட்டினேனா, இல்லையா?

கேள்வி: எனக்குச் சர்க்கரை, தைராய்டு இரண்டும் உண்டு. வீட்டைப் பூட்டினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறேன். தெரிந்தவர்கள் பெயர்கூட வாயில் வர மறுக்கிறது. மூளை மழுங்குகிறதா?
- ஒரு வாசகி, நாகல்நகர், திண்டுக்கல்

பதில்: 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு ஊரில் இருந்துகொண்டு பூட்டின் மீதே சந்தேகமா! போகட்டும். மறதியை இவ்வளவு ஞாபகமாகப் பட்டியல் போடுகிறீர்களே, அது ஓரளவு நல்ல சேதிதான். டிமென்ஷியா என்ற மறதி நோய் முற்றியவர்கள் பெரும்பாலும் ‘எனக்கென்ன குறை’ என்பார்கள். புகார் சொல்வது வீட்டிலிருப்பவர்கள். மூளை மந்தமாகிவிட்டது என்று வருகிறவர்களில் பலர் பரிசோதனையில் சரியாகவே பதில் சொல்லிவிடுகிறார்கள். அதற்காக அவர்கள் படும் அவஸ்தை கற்பனை அல்ல. தூக்கக் குறைவு, மனச்சோர்வு, சர்க்கரையின் ஏற்ற இறக்கம், தைராய்டு சுரப்புக் குறைவு எல்லாமே கவனத்தைக் கெடுக்கும். கை பூட்டும்போது மனசு பஸ் ஸ்டாண்டில் நின்றால், பூட்டியது மனதில் பதியாது. பதியாததை எங்கே போய்த் தேடுவது?

இன்னொன்று: சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் விழுங்குபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் மறதி தரும். ஞாபக சக்திக்கு வல்லாரையை மட்டும் நம்பி உட்காராதீர்கள். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது பி12, தைராய்டுக்கான டி.எஸ்.எச். இரண்டையும் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பழகிய தெருவிலேயே வழி தவறினால், வரவு செலவுக் கணக்கு குழம்பினால், நரம்பியல் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள். கேட்க வேண்டியதை ஒரு சீட்டில் எழுதி, வீட்டுக்காரர் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள்.