போர்டு இல்லாத கடை

பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால் பதில் சட்டென்று வர வேண்டும். பேங்க்கில் இருக்கிறார், ஈ.பி.யில் இருக்கிறார், கோயம்பேட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். "ஆன்லைன்ல பிசினஸ் பண்றாருங்க" என்ற பதிலை மட்டும் யாரும் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. "சரி, கடை எங்க இருக்கு?" என்று பெண்ணின் தாய்மாமன் அடுத்ததைப் போடுவார். ஆன்லைன் பிசினஸ்காரர் என்கிற புது மனிதரைப் புரிந்துகொள்ள அந்தத் தாய்மாமனிடமிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த ஆன்லைன்காரர் ஏன் ஓயாமல் பேசுகிறார்? காலையில் ஸ்டேட்டஸ், மதியம் ரீல்ஸ், ராத்திரி படுக்கும் முன் வாழ்க்கையைப் பற்றி நான்கு வரி. மளிகைக்கடை அண்ணாச்சி என்றைக்காவது 'மைண்ட்செட்' பற்றிப் பேசிக் கேட்டதுண்டா? அவருக்கு அவசியமில்லை. தலைக்கு மேலே தகரத்தில் பெயர் எழுதியிருக்கிறது, வாசலில் வெங்காய மூட்டை நிற்கிறது; கேள்வி கேட்க வந்தவர் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போய்விடுவார். இவருக்கு மூட்டையும் கிடையாது, தகரமும் கிடையாது. ஆகவே தத்துவம் பேசுகிறார். அந்தத் தத்துவத்தை அவர் வாயால் எழுதி மாட்டிய போர்டாகப் பார்த்தால் அவருடைய பாதி விசித்திரங்கள் விளங்கிவிடும் என்பது என் கட்சி.

அந்த போர்டில் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: தூங்கும்போதும் பணம் வரணும். யார் சொன்னது என்றால் வாரன் பஃபெட் என்பார். (வாட்ஸ்அப்பில் ஆங்கிலப் பொன்மொழிகள் பஃபெட்டுக்கு, தமிழ்ப் பொன்மொழிகள் அப்துல் கலாமுக்கு என்று எப்போதோ பாகம் பிரித்தாகிவிட்டது.) அடுத்த வரி, எனக்கு பாஸ் கிடையாது. அதற்கடுத்தது, எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்ப்பேன். இதற்குச் சாட்சியாக மாமல்லபுரம் மணலில் லேப்டாப்போடு ஒரு படம். அந்த வெயிலில் திரையில் ஓர் எழுத்தும் தெரியாது என்பதைப் படத்தில் இருப்பவரும் சொல்வதில்லை, எடுத்தவரும் சொல்வதில்லை. இந்தச் சிந்தனைகளில் பலவற்றின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் 2007இல் டிம் ஃபெரிஸ் எழுதிய 'தி ஃபோர் ஹவர் ஒர்க்வீக்' என்ற அமெரிக்கப் புத்தகத்தில் போய் நிற்கலாம். வாரத்துக்கு நாலு மணி நேரம் வேலை பார்த்தால் போதும் என்று ஆசை காட்டும் அந்தப் புத்தகம் சொல்லித்தரும் உபாயங்களில் ஒன்று, சில்லறை வேலைகளை இந்தியாவில் இருக்கும் உதவியாளர்களிடம் மலிவாகத் தள்ளிவிடுவது. இதை இந்தியாவிலேயே உட்கார்ந்து படிக்கிறவர் யாரிடம் தள்ளுவார்? அம்மா இருக்கிறார், மனைவி இருக்கிறார், கல்லூரி லீவுக்கு வந்த மச்சினன் இருக்கிறான். டிம் ஃபெரிஸ் கொடுத்த கூலிகூட இவர்களுக்குக் கிடையாது.

சொல்லுக்கும் நாளுக்கும் உள்ள தூரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளையில் சேலை எடுத்து இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் விற்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். முந்தி ஒரு படம், பார்டர் ஒரு படம், பிளவுஸ் பிட் ஒரு படம். கீழே "சிங்கிள் பீஸ், பிரைஸுக்கு டிஎம்". விலையைப் படத்திலேயே போட்டால் என்ன என்று கேட்பவருக்குத் தொழில் தெரியாது என்று அர்த்தம். ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு முதல் செய்தி வரும்: "அண்ணா, இது மாம்பழ மஞ்சளா, கடுகு மஞ்சளா?" "லைட்டிங்ல கொஞ்சம் மாறும் சிஸ்டர்." "கடைசி விலை சொல்லுங்க." சொல்லுவார். "வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்." வீட்டுக்காரர் சம்மதிக்க மூன்று நாள் ஆகும், அதற்குள் சேலை போய்விட்டால் குற்றம் இவருடையது. பிறகு ஜிபே ஸ்கிரீன்ஷாட், பின்கோடு இல்லாத முகவரி, கூரியர் கவர், ஒட்டிய டேப்பைக் கிழிக்கப் பல், சாயங்கால வண்டி கிளம்புவதற்குள் ஓட்டம். நான்காம் நாள் "இன்னும் வரல." ஐந்தாம் நாள் "வந்துச்சு, நூல் பிரிஞ்சிருக்கு." அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா என்று இவர் கேட்க, அங்கே மௌனம். 2010இல் ஃபிளிப்கார்ட் பிரபலமாக்கிய 'பொருள் வந்ததும் காசு' முறைக்கு நம் மக்கள் பழகிவிட்டதால், கதவு பூட்டியிருந்தது என்ற ஒரே காரணத்துக்காகவும் பார்சல் திரும்பி வரும். போன செலவும் வந்த செலவும் இவர் தலையில். தூங்கும்போது வருவது பெரும்பாலும் பணமல்ல, மாம்பழ மஞ்சள்தான். 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் கடைச் சிப்பந்திக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு தரச் சொல்கிறது. தன்னைத்தானே வேலைக்கு வைத்துக்கொண்டவர் அந்த ஓய்வை யாரிடம் போய்க் கேட்பார்? அண்ணாச்சிக்கு இழுத்து மூட ஒரு ஷட்டராவது இருக்கிறது.

எந்த வியாபாரத்தில்தான் தலைவலி இல்லை, அண்ணாச்சியும் மொத்த வியாபாரியிடம் கைகட்டி நிற்பவர்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மொத்த வியாபாரிக்கு முகம் உண்டு, கடன் சொல்ல ஒரு பெஞ்சு உண்டு, சண்டை போட்டால் அடுத்த தெருவில் இன்னொருவர் உண்டு. பாஸ் கிடையாது என்று அறிவித்தவரின் பாஸ்களுக்கு இதெல்லாம் எதுவும் இல்லை. 2020 ஜூன் 29ஆம் தேதி மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது, டிக்டாக்கில் ஆடிப் பாடி ஆள் சேர்த்து வைத்திருந்தவர்களின் கடைத்தெரு ஒரே உத்தரவில் காணாமல் போனது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் படுத்துக்கொண்டன. நமக்கு அது ராத்திரி வேளை, அதாவது வாங்குகிறவர்கள் வீட்டு வேலை முடித்துப் போனை எடுக்கும் வேளை. அண்ணாச்சி கடை வாசலில் கார்ப்பரேஷன்காரன் பள்ளம் தோண்டினால் பலகை போட்டுத் தாண்டி வருவார்கள். இங்கே தெருவையே சுருட்டி எடுத்துப் போய்விடுகிறார்கள். இவ்வளவு நிச்சயமில்லாத நிலத்தில் நிற்கிறவர் 'சுதந்திரம், சுதந்திரம்' என்று கொஞ்சம் உரக்கச் சொல்லிக்கொள்வதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போர்டில் யாராவது 'கடன் பாக்கி நிறைய இருக்கிறது' என்று எழுதுவார்களா?

ஆனால் போர்டு தொழிலோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் வந்துவிடுவதுதான் சங்கடம். கோயிலில் சுண்டல் கொடுத்தால் அது ஃப்ரீ சாம்பிள். கல்யாண வாசலில் பன்னீர் தெளித்தால் கஸ்டமர் எக்ஸ்பீரியன்ஸ். மகள் ரேங்க் கார்டை நீட்டினால் "குரோத் நல்லா இருக்கு, ஆனா கணக்குல கன்வெர்ஷன் பத்தாது" என்பார். மாமியார் இரண்டாம் முறை ரசம் ஊற்றியதிலிருந்து வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் ஐந்து வழிகள் பிறந்து, ராத்திரிக்குள் பதிவேறிவிடும். (ரசம் ஊற்றிய மாமியாருக்கு அது தெரியாது, தெரிந்தால் ஊற்றியிருக்கமாட்டார்.) இந்த வகை ஞானத்தில் எனக்குத் தெரிந்து அவர் ஒன்றில்தான் சரியாகச் சொல்கிறார்: புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய்விருந்தைப் பார்த்து "இதுதான் ஒரிஜினல் கிரவுட்ஃபண்டிங்" என்கிறார். ஒத்துக்கொள்ளலாம். அங்கே நோட்டில் எழுதி வாங்கிய தொகையை அடுத்தவர் விருந்தில் கூடுதலாக வைத்துத் திருப்ப வேண்டும், திருப்பாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்கிற பகுதியை மட்டும் அவர் பதிவில் விட்டுவிடுகிறார்.

இதையெல்லாம் இவ்வளவு பரிவோடு பார்க்க வேண்டுமா, பேச்சுதானே இவர்களின் தொழிலே, 499 ரூபாய்க்கு வெபினார் நடத்திக் கோடீஸ்வரனாக்குகிறேன் என்று காசு பறிப்பவர்கள் இல்லையா என்று இன்னொரு ஆட்சேபம் வரும். இருக்கிறார்கள், வேண்டிய அளவுக்குமேல் இருக்கிறார்கள். ஆனால் அவர்களும் பெரும்பாலும் சேலையிலோ சத்துமாவிலோ தொடங்கியவர்கள்தாம். சரக்கைவிட போர்டுக்குக் கிராக்கி அதிகம் என்று கண்டுகொண்ட நாளில் போர்டையே விற்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு ரிட்டர்னும் கிடையாது, நூலும் பிரியாது. வெபினாரில் தவறாமல் இரண்டு படங்கள் வரும். ஒன்று வேட்டி கட்டிய ஸ்ரீதர் வேம்பு, மற்றது கிரீஷ் மாத்ருபூதம். வேம்பு தென்காசிப் பக்கம் கிராமத்தில் உட்கார்ந்திருப்பது படத்தில் தெரிகிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய வேலை ஜோஹோவாகி இந்த இடத்துக்கு வர எத்தனை வருஷம் பிடித்தது என்பது தெரிவதில்லை. மாத்ருபூதம் 2010இல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது 2021 செப்டம்பரில். பதினோரு வருஷத்தை ஒரு ஸ்லைடில் அடைக்க முடியாதுதான். தவிர, அந்த இரண்டு கம்பெனிகளுக்கும் கட்டடம் உண்டு, வாசலில் செக்யூரிட்டி உண்டு, தாய்மாமன் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய நல்ல பெரிய போர்டும் உண்டு.

நம்மவருக்கும் ஒருநாள் நிஜ போர்டு மாட்டும் யோகம் வருகிறது. பெரிய ஆன்லைன் தளங்கள் வழியாக வேறு மாநிலத்துக்கும் சரக்கு அனுப்ப வேண்டுமென்றால் விற்பனை எவ்வளவு சின்னதானாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பதிவு வாங்கினால் சான்றிதழைத் தொழில் நடக்கும் இடத்தில் பார்வைக்கு வைக்க வேண்டும், வாசல் பெயர்ப்பலகையில் எண்ணையும் எழுத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதி 18 சொல்கிறது. தொழில் நடக்கும் இடம் என்பது வாடகை வீட்டின் இரண்டாவது பெட்ரூம். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில், சேலைக் கட்டு இருக்கும் மூலை. அதற்கு வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் ஈ.பி. பில்லும் வேண்டும். கடிதத்தைக் கையில் வாங்கி இரண்டு தரம் படித்துவிட்டு வீட்டுக்காரர் கேட்பது ஒன்றைத்தான்: "வாசல்ல போர்டு மாட்டினா ஈ.பி.காரன் கமர்ஷியல்னு போட்டுருவானே தம்பி, அந்த நூறு யூனிட் ஃப்ரீயை யார் குடுக்கறது?" பாஸ் இல்லாதவரிடம் இதற்கு இன்னும் பதில் இல்லை; கையெழுத்தில்லாத கடிதத்தோடு மாடி இறங்குகிறார், அதற்குள் போனில் யாரோ கடைசி விலை கேட்டிருக்கிறார்கள்.