கேள்வி நீவா, பதில் பொன்னை!

கே: ஊர் நெல்லூர் என்றதும் பெண்ணாற்றில் தண்ணீர் வருகிறதா என்று கேட்கிறார்களே?
(வாசகர், கங்காதர நெல்லூர்)

ப: அது அந்த நெல்லூர். உங்கள் பக்கத்து ஆறு நீவா. சித்தூரில் நீவா, தமிழ்நாட்டுக்குள் பொன்னை, கடைசியில் பாலாறு. பிறந்த வீட்டில் ஒரு பெயர், புகுந்த வீட்டில் இன்னொன்று!

கே: தலக்கோனா அருவியின் உயரம்?
(மாணவர், சித்தூர்)

ப: 270 அடி. அண்ணாந்து பாருங்கள். கொண்டுபோன பாட்டிலை மட்டும் வீட்டுக்குத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

கே: பொன்முகலி என்கிற சுவர்ணமுகியில் பொன் கிடைக்குமா?
(வாசகர், காளஹஸ்தி)

ப: கிடைக்கும். மணல் என்று பெயர். அள்ளாமல் விட்டால் உங்கள் கிணற்றில் தண்ணீராக வட்டி தரும்.

கே: சுவர்ணமுகி பாதி நாள் வறண்டு கிடக்கிறது. மலையில் தேசியப் பூங்கா வைத்து என்ன பயன்?
(கல்லூரி மாணவி, சந்திரகிரி)

ப: இந்த வாரத்தின் சிறந்த கேள்வி! சுவர்ணமுகி பாகாலா பக்கத்துக் குன்றுகளில் பிறக்கிறது. சேஷாசல மலையிலிருந்து கல்யாணி ஆறு வந்து கலக்கிறது. அந்த மலைக்காடுதான் 1989-இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா ஆனது. பரப்பு சுமார் 353 சதுர கிலோமீட்டர். மேலே குவார்ட்சைட் பாறை, அடியில் அதைவிட மிகப் பழைய கிரானைட். இரண்டும் சந்திக்கும் கோடு திருமலைப் பாதையிலேயே தெரியும். பாறை இடுக்குகளில் இறங்கும் மழைநீர் ஊற்றாகக் கசிந்து ஓடையாகும். கல்யாணியில் 1977-இல் கட்டிய அணையின் நீரைத் திருப்பதியும் திருமலையும் குடிக்கின்றன.

கங்காதர நெல்லூரின் பெயரில் வரும் கங்காதரன் யார்? பாய்ந்து விழுந்த கங்கையைச் சடையில் தாங்கி, மெல்ல இறக்கிவிட்டவர். மலைக்கு அந்தச் சடை காடு. சடையை மழித்துவிட்டால் மழை பெய்த அன்று வெள்ளம், மறுவாரம் குடத்தோடு வரிசை.

கே: 2021 வெள்ளத்தை மறக்க முடியவில்லை. இனி வராமல் தடுக்க முடியுமா?
(இல்லத்தரசி, திருப்பதி)

ப: மழையைத் தடுக்க முடியாது, அம்மா. அந்த நவம்பரில் திருப்பதித் தெருக்களில் ஆறு ஓடியது. 19-ஆம் தேதி கடப்பைப் பக்கம் செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை உடைந்து ஊர்களையும் உயிர்களையும் கொண்டுபோனது. நம்மால் முடிந்தது ஒன்று உண்டு: ஆற்றின் இடத்தை ஆற்றுக்கே விடுவது. மனை வாங்கப் போகிறவர்கள் பத்திரத்தோடு ஊர்ப் பெரியவர்களையும் கேளுங்கள், "இங்கே முன்பு தண்ணீர் போகுமா?" என்று. போகும் என்றால் அந்த மனை வேண்டாம்.