கிளம்பாத பஸ்

அன்னூரில் என் மாமனாருக்கு மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. அங்கே வரும் மோட்டார் எதுவும் சும்மா படுத்துக்கொள்ளாது. ஒரு பேஸ் போனால் உறுமும். காயில் கருகினால் வாசலிலேயே நாற்றம் வரும். பேரிங் போனால் தெருவே சொல்லும். அந்த வீட்டு மாப்பிள்ளையான எனக்கு, வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியைப் படிக்கும் ஆசை வந்தது.

அதில் அன்னூரிலிருந்து கோவைக்கு ஒரு பஸ் ஓட்டப் பார்த்தேன். திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். சத்தி ரோட்டில் நிஜ பஸ் 30 கிலோமீட்டர் போகிறது. என்னுடையது 30 பிக்சல்கூட நகரவில்லை. பிழை என்று ஒரு வார்த்தை இல்லை. எஃப்12 அழுத்திக் கன்சோலைத் திறந்தால் அதுவும் காலி.

மாமனார் எட்டிப் பார்த்தார். "ஏனுங் மாப்ள, கண்டக்டர் இன்னும் வரலீங்களா?"

பிரவுசருக்கும் அவர் குணம்தான். மாப்பிள்ளை சொன்னது தப்பென்று தெரியும். எடுத்துச் சொன்னால் மனசு நோகுமே என்று காதில் விழாத மாதிரி இருந்துவிடும். 'லெஃப்ட் 200' என்று எழுதி, பின்னால் பிக்சல் என்பதை விட்டால் அந்த வரியையே தள்ளிவிட்டுப் போய்விடும். பூஜ்யத்துக்கு மட்டும் அலகு வேண்டாமாம். அந்தச் சலுகைதான் புதியவர்களைக் கெடுக்கிறது. அலகைச் சேர்த்தாலும் பஸ் நிற்கும், ஏனென்றால் பொசிஷன் ஸ்டேட்டிக்காக இருக்கும்வரை லெஃப்டுக்கு மதிப்பில்லை. அதையும் ரிலேட்டிவ் ஆக்கினால், அசைவை விவரிக்கும் கீஃப்ரேம்ஸின் பெயர் ஓரிடத்தில் சின்ன எழுத்தில், இன்னோரிடத்தில் பெரிய எழுத்தில். பிரவுசருக்கு அவை இரண்டும் வேறு வேறு ஆள்.

இந்த மௌனம் தற்செயல் இல்லை. 1994இல் ஹோகோன் வியும் லீ முன்வைத்த யோசனை, 1996 டிசம்பரில் சிஎஸ்எஸ்ஸின் முதல் பதிப்பாக வந்தபோதே, புரியாததை விட்டுவிட்டு மேலே போ என்ற விதியும் கூடவே வந்தது. புதுச் சங்கதிகளைக் கண்டு பழைய பிரவுசர் படுத்துவிடக் கூடாதே. நல்ல காரணம்தான், கற்றுக்கொள்பவனுக்குத்தான் ஆகாது. பைத்தான் எவ்வளவோ தேவலை, எந்த வரி என்று நம்பர் போட்டுத் திட்டும்.

உங்கள் பஸ்ஸும் கிளம்பாவிட்டால் கன்சோலை நம்பி உட்காராதீர்கள். பஸ்மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போங்கள். குரோமில் ஸ்டைல்ஸ் பகுதியில், ஏற்காத வரியை அடித்து, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் போட்டிருக்கும். கீஃப்ரேம்ஸ் பெயரில் எழுத்து மாறியதற்கு அந்தக் கோடும் விழாது. அதை நீங்களேதான் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்.