பூட்டு ஊரில் பக்கத்து வீடு

கேள்வி: கணவருக்குத் திண்டுக்கல்லுக்கு மாற்றல். எந்தப் பக்கம் வீடு பார்த்தால் அக்கம்பக்கம் நன்றாக இருக்கும்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: நாகல்நகர் என்றால் சௌராஷ்டிர நெசவாளர்கள் அதிகம். அவர்கள் வீட்டுப் பேச்சு மதுரைக்காரரான உங்கள் காதுக்குப் பழகியதுதான். உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று சந்தேகம் வரும். பேசினாலும் புரியாது என்பது எவ்வளவு நிம்மதி!

பேகம்பூர், ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகத்தின் பெயரால் அமைந்த பகுதி. ரம்ஜான் மாதம் அங்கே பக்கத்து வீட்டுத் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வரும். வாளியை வெறுமனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பொங்கலுக்கு உங்கள் முறை.

புதுக் காலனிகளா? காம்பவுண்டுச் சுவர் உயரம். அடுத்த வீட்டுக்காரர் முகத்தைவிட அவருடைய நாயின் குரல்தான் முதலில் பழக்கமாகும்.

ஊரின் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஆனாலும் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வெளியூர் போகிறவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். (பூட்டு செய்பவருக்குத்தானே தெரியும், எதை நம்பலாம் என்று!)

உண்மையான பரீட்சை தண்ணீர்தான். ஆத்தூர் காமராஜர் அணை வற்றினால் தெருக்குழாயும் முகம் சுளிக்கும். அட்வான்ஸ் கொடுக்குமுன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, “தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும்?” என்று கேளுங்கள். பதிலோடு, “குடம் வச்சிருக்கியாம்மா?” என்றும் அந்த அம்மா கேட்டால், வாடகைக்குப் பேரம் பேசாமல் குடியேறிவிடுங்கள்.