பாசிகிட்ட ஜோசியம் கேக்கப் போற பேராண்டிக்கு

வாய்யா பேராண்டி. பரமக்குடி வைகையில மணலைத் தவிர ஒண்ணும் ஓடலைன்னு கோவிச்சுக்கிட்டா கடல் சூட்டை அளக்கக் கிளம்பிட்ட? அதுவும் இன்னிக்குச் சூடு இல்லையாம், 20,000 வருசத்துக்கு முந்தின சூடாம். போன மாசம் வாங்குன கடனையே ஒத்துக்க ஆளில்லாத ஊர்ல பொறந்துட்டு நல்ல ஆசைதான்!

சாட்சி யாருன்னா எமிலியானியா ஹக்ஸ்லீன்னு ஒரு பாசியாம். ஒரு மில்லிமீட்டரை 200 பங்கு போட்டா ஒரு பங்கு இருக்கும். சுண்ணாம்புச் சட்டை வேற. அது உடம்புல 37 கார்பன் கோத்த ‘அல்கினோன்’னு ஒரு கொழுப்பு. தண்ணி குளிர்ந்தா மூணு இரட்டைப் பிணைப்பு உள்ளதைக் கூட்டும், சூடேறினா ரெண்டு உள்ளதைக் கூட்டும். பாசி செத்து அடிச்சேத்துல புதைஞ்சாலும் கொழுப்பு அழியாது. அந்த விகிதத்தை வச்சே பழங்காலத்துக் கடல் சூட்டைப் படிக்கலாம்னு 1986-ல பிராசெல் கூட்டத்தார் எழுதுனாங்க. ஒரு டிகிரி ஏறுனா ரெண்டு பிணைப்பு உள்ளதோட பங்கு கணக்குல 0.034 ஏறும்.

கெட்டிக்காரப் பாசிதான், ஒத்துக்கறேன். ஆனா 28 டிகிரியைத் தாண்டுனா அந்தக் கணக்கு ஒண்ணுல வந்து முட்டி நின்னுரும். நம்மூர் குண்டு மிளகாயை நாலு கடிச்ச பிறகு அஞ்சாவது காரமா, இல்லையான்னு நாக்கைக் கேட்டா என்னத்தைச் சொல்லும்? மன்னார் வளைகுடாவோ சித்திரையில 30-ஐத் தொடுற கடல். பவளம் வெளுத்துப் போற சூடு அது. 2010-லயும் 2016-லயும் வெளுத்துச்சே. அங்க போய்ப் பாசியைக் கேட்டா “சூடு, சூடு”ன்னு ஒரே பாட்டைத்தான் பாடும்.

மாலத்தீவுப் பக்கம் ஆழக்கடல்ல பிரெஞ்சுக்காரங்க சேறு எடுத்தாங்களே, அவங்க சூட்சுமக்காரங்க. பனியுகத்துல அங்க கொஞ்சம் குளிர்ந்திருந்ததால பாசி ஒழுங்கா வாயைத் திறந்துச்சு: இப்பவிட ரெண்டு, மூணு டிகிரிதான் கம்மி. நீயும் ஒத்தைச் சாட்சியை நம்பாம, போராமினிபெராங்கிற கடல் நுண்ணுயிரோட ஓட்டுல சூட்டுக்கு ஏத்தபடி மாறுற மக்னீசியத்தையும் கூப்பிட்டு விசாரி. ரெண்டும் ஒத்துப்போனாப் பெருமைப்படு, ஒத்துப்போகாட்டி உங்க வாத்தியார் பேருல பழியைப் போடு.

இன்னொண்ணு, தலைப்பு வைக்கிறப்ப ‘பாக் நீரிணையின் 20,000 ஆண்டுக் கடல் வெப்பம்’னு கிளம்பிராதே. அப்பக் கடல் 120 மீட்டர் இறங்கிக் கெடந்துச்சு. தனுஷ்கோடியில இருந்து தலைமன்னாருக்குப் பாஸ்போர்ட் இல்லாம நடந்தே போயிருக்கலாம். நீ பாசி தேடுற இடத்துல மான் மேஞ்சிருக்கும்யா.