துவட்டியல்: கழுவிய காருக்கு ஒரு துணி இலக்கணம்

பாயிரம்

கழுவிய காரை எந்தத் துணியால் துவட்டுவது என்பதற்குத் தமிழில் தனிநூல் இல்லை. தொல்காப்பியர் காலத்தில் கார் ஓடவில்லை என்பதால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்குப் பின் வந்து, கார் வாங்கி, அதைப் பழைய பனியனால் துடைத்துக்கொண்டிருக்கும் புலவர் பெருமக்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

நூல் எழுதப் புகுவோர் பாயிரத்தில் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது நன்னூல் செய்த பவணந்தி முனிவர் காட்டிய நெறி. அதன்படி சொல்லுதும். ஆக்கியோன், ஞாயிற்றுக்கிழமை காலை வாளியோடு தெருவில் நிற்கும் ஒருவன். வழி, வாட்டர் வாஷ் கடை ஆசான்களின் வாய்மொழி. எல்லை, முன் பம்பர் தொடங்கிப் பின் பம்பர் ஈறாக; சக்கரம் புறநடை. நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு தொகைவிரி. நுதலிய பொருள், ஈரம். கேட்போர், மாதத் தவணை இன்னும் முடியாதோர். பயன் மட்டும் சற்றுக் குறைவு. அறம் பொருள் இன்பம் வீடு நான்கையும் அடைவதே நூற்பயன் என்றார் நன்னூலார். இந்நூல் அவற்றுள் பொருளுக்கு மட்டுமே பொறுப்பேற்கும்: பாலிஷ் செலவு குறையும்.

1. துவட்டல் வேண்டுமோ என்னும் ஆராய்ச்சி

“விடுங்க சார், வெயில்ல தானா காஞ்சிரும்” என்பார் ஒரு சாரார். இவர்களைக் காய்ச்சற்கட்சியார் என்க. நன்னூலார் வகுத்த எழுவகை மதங்களுள் மறுத்தல் என்பதை இவர்கள்மேல் முழுமையாகச் செலுத்துதும்.

காயும்போது போவது தண்ணீர் மட்டுமே. அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் எங்கும் போவதில்லை. பானெட்டின்மேல் வெள்ளை வட்டங்களாகக் குடியேறுகின்றன. குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்புடையது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது ஐஎஸ் 10500 என்னும் இந்தியத் தர விதி. நம் அடுக்ககத்துப் போர்வெல்கள் பலவற்றின் தண்ணீர் இந்த விதியைப் படித்ததே இல்லை. அத்தண்ணீரை ஆர்ஓ இயந்திரத்தில் விட்டு, நல்லதைக் குடித்துவிட்டு, வெளியே தள்ளப்படும் கழிவு நீரைச் சிக்கனமாகச் சேர்த்து வைத்துக் கார் கழுவும் குடும்பங்களும் உண்டு. சிக்கனம் போற்றத்தக்கது. ஆனால் அக்கழிவு நீர், கிணற்று உப்பையெல்லாம் சுண்டவைத்த சாறு என்று அறிக. அதை ஊற்றிக் காயவிடுவது காருக்கு உப்புத் தடவுவதற்கு ஒப்பாகும்.

அன்றியும், சித்திரை வெயிலில் சூடேறிய தகட்டில் ஒரு பக்கம் கழுவி முடிப்பதற்குள் மறுபக்கம் காய்ந்து கறை கட்டிவிடும். ஆகலின் நிழலில் கழுவுக. கழுவிய உடனே துவட்டுக. காய்ச்சற்கட்சி வீழ்ந்தது.

2. துணியின் இலக்கணம்

உண்ணலும் உமிழ்தலும் உரசா தொழிதலும்
எண்ணிய மூன்றும் இயைந்தது துணியே.

இது, துவட்டு துணிக்குப் பொதுவிலக்கணம் கூறுகின்றது. நீரை உண்ண வேண்டும்; பிழிந்தால் உண்டதை உமிழ வேண்டும்; இரண்டையும் செய்கையில் பெயிண்ட்டை உரசக் கூடாது. முதலிரண்டும் தம்முள் பகையாதலின் மூன்றும் ஒருங்கே அமைதல் அரிது.

என்னை? பருத்தியை எடுத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத் தரநிலையில் பருத்தி இழை தன் உலர் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்திருக்கும். பாலியெஸ்டர் வாங்குவது சுமார் 0.4 தான். உண்பதில் பருத்தியே பெருந்தீனி. ஆனால் உண்டது இழைக்குள்ளேயே புகுந்துவிடுவதால் எவ்வளவு முறுக்கிப் பிழிந்தாலும் முழுதும் வெளிவராது. கடன் கொடுத்தவர் நன்கறிந்த குணம் இது.

3. மாணாக்கர் வகை, துணிமேல் ஏற்றியது

நன்னூலார் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டுக்கு உவமித்து, தலை, இடை, கடை என்று மூன்றாக்கினார். துணிக்கும் அதுவே பொருந்துகிறது. பாடம் கேட்பதும் நீர் கொள்வதும் ஒரு தொழிலாகலின்.

அன்னம், மைக்ரோஃபைபர். 9,000 மீட்டர் நீளத்துக்கு ஒரு கிராம் எடையுள்ள இழை ஒரு டெனியர். மைக்ரோஃபைபரின் இழை அதற்கும் கீழே, பட்டிழையைவிட மெல்லியது. பாலியெஸ்டரையும் பாலிஅமைடையும் சேர்த்து இழுத்து, பின்பு இழையைக் கீற்றுக் கீற்றாகப் பிளக்கிறார்கள். இழை தண்ணீரைக் குடிப்பதில்லை. கீற்றுகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் நுண்புழை ஈர்ப்பால் நீர் ஏறி நிற்கிறது. அதனாலேயே பிழிந்தால் வந்துவிடுகிறது. மெருகை விட்டு நீரை மட்டும் பிரித்தெடுப்பதால் அன்னம் எனப்பட்டது. இதன் கனத்தை ஜிஎஸ்எம் என்னும் அலகால் அளப்பர்; சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது அது. சிக்னலில் கண்ணாடியைத் தட்டி விற்கப்படுவன மெலிந்தவை. துவட்டுவதற்கென்றே நெய்தவை 800, 1,000, 1,200 எனக் கனத்து வரும்.

ஆ, ஷாமி. ஆதியில் இது ஐரோப்பிய மலைகளில் வாழும் ஷாமுவா என்னும் ஆட்டுமானின் தோல். பிற்காலத்தில் செம்மறித் தோலை மீனெண்ணெயில் பதப்படுத்தி அதே பெயரால் விற்றனர். நம் ஊர்க் கடைகளில் உருளை டப்பாவுக்குள் ஈரமாகச் சுருண்டிருப்பதில் ஆடும் இல்லை, மானும் இல்லை. பாலிவினைல் ஆல்கஹால் என்னும் நெகிழி. வெளியே வைத்தால் அப்பளமாக விறைக்கும். நனைத்தால் பழையபடி குழையும். உண்டதைப் பிழிய, மீண்டும் உண்ண, மீண்டும் பிழிய என அசைபோடுவதால் ஆ எனப்பட்டது. ஆயினும் இதற்குப் பஞ்சுபோன்ற மயிர்ப்பரப்பு இல்லை. கழுவுகையில் தப்பிய மணல் ஒன்று அடியில் சிக்கினால் ஒதுங்க இடமின்றித் தகட்டோடு அரையும். தலையுள் இது இரண்டாமிடம் பெற்றது அதனால்.

இனி இடை. மண் என்பது பழைய வேட்டி. உழுவோன் முயற்சிக்குத் தக்கபடி விளைவது மண். வெளுத்த கணக்குக்குத் தக்கபடி ஈரம் வாங்குவது வேட்டி. புது வேட்டியில் கஞ்சியும் பஞ்சின் இயற்கை மெழுகில் எஞ்சியதும் நீரைத் தடுக்கும்; பல வெளுப்புக் கண்டபின் அவை நீங்கி இழை வாய் திறக்கும். ‘தாத்தா வேட்டி மாதிரி வராது’ என்னும் வீட்டு மரபு இவ்வாறு அறிவியலால் நிறுவப்பட்டது. ஜரிகைக் கரையை மட்டும் முன்னரே கத்தரித்துவிடுக.

கிளி, தேங்காய்ப்பூத் துண்டு. தனக்குக் கற்பித்ததையே சொல்லும். தலை துவட்டக் கற்றது; காரின் கூரையையும் தலையென்றே கருதிப் பஞ்சை உதிர்க்கும். குற்றாலத் துண்டையும் இதன்பாற் படுத்துக. சீக்கிரம் காயும் நற்குணம் அதற்கு உண்டெனினும், ஒரு கதவைத் துவட்டியதும் வயிறு நிறைந்துவிடும்.

கடையில் நால்வர். இல்லிக்குடம் என்பது பாலியெஸ்டர் சட்டை. எவ்வளவு தேய்த்தாலும் நீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுமே அன்றித் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. பொத்தானோடு வந்தால் குற்றம் இரட்டிப்பு. ஆடு, பனியன் வேஸ்ட். திருப்பூர்க் கட்டிங் மேசையிலிருந்து மூட்டையாக வந்து மெக்கானிக் கடைகளைத் தாங்கி நிற்பது. கிரீஸ் துடைக்க அதற்கு நிகரில்லை. துவட்டும்போது துண்டு துண்டாக இங்கொரு வாய், அங்கொரு வாய் மேயும். எருமை, ஒரே வாளியில் அலசப்பட்டு வரிசையாக நிற்கும் எல்லாக் கார்களுக்கும் போகும் துணி. முன் கார் கலக்கிய சேற்றைப் பின் காருக்குப் பரிமாறும்.

4. நெய்யரி ஆராய்ச்சி

கடையினும் கடையானது நெய்யரி. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்து வைப்பது அதன் இயல்பு. தூசி தட்டிய மஞ்சள் துணியை உதறாமல், நனைத்துத் துவட்டவும் பயன்படுத்துவோர் கையில் இருப்பது இதுவே. நீர் போய்விடும், மணல் நிற்கும்.

மணல் நின்றால் என்னவாம் எனின், கூறுதும். காரின் நிறத்துக்கு மேலே நிறமற்ற கிளியர் கோட் என்றொரு பூச்சு உண்டு. அதன் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான். நம் தலைமயிரைவிட மெல்லியது. மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். பிரெடெரிக் மோஸ் என்பார் 1812இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் அதன் இடம் 7. பேனாக்கத்தியின் எஃகு ஏறத்தாழ 5.5. எனவே மணல் சிக்கிய துணியால் காரைத் துடைப்பவர், கத்தியைவிடக் கடினமான பொருளை மயிரினும் மெல்லிய பூச்சின்மேல் அன்போடு இழுக்கிறார்.

இங்கே ஒரு வழக்கு. சூரிய ஒளி பட்ட இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கீறல் தெரிவதால், வட்டமாகத் துடைத்ததே குற்றம் என்பர் சிலர். அது பொருந்தாது. நேர்கோட்டில் துடைத்தாலும் கீறல்கள் எல்லாத் திசையிலும் விழுந்து கிடக்கும். அவற்றுள் ஒளிக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் மின்னுவதால் ஒளியைச் சுற்றி வட்டம்போலத் தோன்றுகிறது. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். ஆதலால் கையின் சுழற்சியை விட்டுத் துணியின் மணலை விசாரிக்க.

5. துவட்டும் நெறி

முதலில் நீரையே வேலை வாங்குக. குழாய் முனையிலுள்ள பீச்சியைக் கழற்றிவிட்டு, கூரையிலிருந்து நீரை மெல்ல வழியவிட்டால் அது தாள்போலப் படர்ந்து, தகட்டில் முத்துமுத்தாக நின்ற துளிகளையும் இழுத்துக்கொண்டு இறங்கும். துணிக்கு வேலை பாதியாகும்.

பின்பு மேலிருந்து கீழாகச் செல்க: கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேற்பாதி. கதவின் கீழ்ப்பாதியில் சாலையின் மணல் இருப்பதால் அது கடைசி. துணியை விரித்துப் பரப்பி ஒற்றி எடுப்பதே உத்தமம். இழுப்பதாயின் துணியின் எடையே போதும், கையின் எடை வேண்டா. இரண்டாக மடித்து மீண்டும் இரண்டாக மடித்த துணிக்கு எட்டு முகம் கிடைக்கும். ஈரம் ஏறிய முகத்தை மாற்றிக்கொண்டே போகலாம். முருகனைவிட இரண்டு கூடுதல்.

சக்கரத்துக்குத் தனித் துணி. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புப் பொடி அங்கே படிந்திருக்கும். அந்தத் துணி கதவுக்குத் திரும்பி வருதல் கூடாது.

6. பதவி இறக்க விதி

தரைதொட்ட துணியைத் தகட்டொடு சேர்த்தல்
புரையுடைத் தென்ப புலமை யோரே.

இது, மேற்சொன்ன வகைப்பாட்டுக்கு ஒரு புறநடை கூறுகின்றது. நன்னூலாரின் அன்னம் நெய்யரி ஆவதில்லை. துணியுலகில் ஆகும், ஒரே நொடியில். 1,200 ஜிஎஸ்எம் துணியானாலும் கை நழுவித் தரையில் ஒருமுறை விழுந்தால், அன்றைக்கு அது நெய்யரி. குனிந்து எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, “ஒண்ணும் ஆகலை” என்று சொல்லித் தொடர்வது நம்மவர் வழக்கு. மணல் அதை ஏற்றுக்கொள்வதில்லை.

துவைக்கும் கல்லிலும் பதவி போகும். மணமூட்டும் துணி மென்மையாக்கியில் ஊறினால் இழைமேல் பூச்சுப் படிந்து, அன்னம் இல்லிக்குடமாகும். வேட்டி, துண்டோடு சேர்த்து ஊறப்போட்டால் அவற்றின் பஞ்சு கீற்றுகளில் புகுந்துகொள்ளும். கொதிநீரில் போட்டால் இழை சுருங்கி முரடாகும். தனியாக, இளஞ்சூட்டில், கொஞ்சம் திரவச் சோப்பில் அலசி, நிழலில் காயவைத்தால் முதல் வகுப்பிலேயே நெடுநாள் நீடிக்கும்.

எனவே துணிகளுக்குப் பணி விதி இவ்வாறு அமைக: முதலில் பெயிண்ட். அங்கே தகுதி இழந்ததும் கதவின் உள்விளிம்பு. பின்பு சக்கரம், அதன்பின் என்ஜின், முடிவில் குப்பை. பதவி உயர்வு எந்த நிலையிலும் இல்லை, சிபாரிசும் செல்லாது.

முடிபு

மூன்று வகுப்பாகப் பிரித்த பின்னும் வகுப்பு துணியில் நிலைத்திருக்கவில்லை என்பதே இவ்வாராய்ச்சி கண்ட உண்மை. கடையில் விலை கொடுத்து வாங்குவது தொடக்கத் தகுதி மட்டுமே. மீதி, வைக்கும் இடத்திலும் துவைக்கும் விதத்திலும் இருக்கிறது. சுத்தமாகத் துவைத்து உறையில் வைத்த தாத்தா வேட்டி, டிக்கியில் கசங்கிக் கிடக்கும் மைக்ரோஃபைபரை வெல்லும்.

ஆதலின் ‘எந்தத் துணி நல்லது?’ என்று வினவும் மாணாக்கனை ஆசிரியன் திருப்பிக் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: போன வாரம் துவட்டிய துணி இப்போது எங்கே? ‘டிக்கியில், ஜாக்கிக்கு அடியில்’ என்று விடை வந்தால் அவனுக்குப் புதுத் துணி பரிந்துரைக்க வேண்டா. ‘தெரியவில்லை’ என்று வந்தால், அது அடுப்படியில் மிக்ஸியைத் துடைத்துக்கொண்டிருக்கிறது என்று கொள்க. அங்கிருந்து அதை மீட்பது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.